குற்றமும் நோயும்: உளவியல் உதவியாளரின் பணி



நம் ஊர்களில் ஒருவருடைய போக்குப் பிடிக்கவில்லையென்றால், "இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று சொல்லிவிடுவது வழக்கம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் இச்சொல்லைக் கேளாத சந்தை இராது. சொல்பவரும் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். ஆயினும் அங்கொடை என்பது கொழும்புக்கு அருகே 1926 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஒரு மருத்துவமனையாகும். இன்று அது தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயருடன் இயங்குகின்றது. பொதுமக்கள் அதிகம் அறியாத ஒரு பிரிவும் அதனுள் உண்டு. குற்றச்சாட்டுக்கு உள்ளாகி நீதிமன்றங்களால் அனுப்பப்படும் உளநோயாளரைப் பரிசோதித்து, காத்து, மருத்துவம் செய்யும் நீதிசார் உளநலப் பிரிவே அதுவாகும்.

உலகின் பல நாடுகளில் இத்தகைய பிரிவுகளில் உளமருத்துவர், உளவியலாளர், தாதியர், சமூக சேவையாளர் ஆகியோருடன் உளவியல் உதவியாளர் என்னும் ஒருவரும் பணியாற்றுகின்றார். இங்கிலாந்தில் இப்பதவி நன்கு வேரூன்றியுள்ளது. நம் நாட்டிலோ அவர் செய்யும் வேலையை, எண்ணிக்கையிற் குறைந்த உளவியலாளரும் ஏனைய அலுவலரும் தம்முள் பகிர்ந்து செய்யவேண்டியிருக்கின்றது. அந்தப் பணி யாது, அது செவ்வனே நடைபெறாதவிடத்து யாருக்கு என்ன நேரும் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் அடிப்படையான ஒரு கேள்வி. கொடுஞ்செயல் ஒன்றைச் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்புவது ஏன்? இது அண்மைக் காலத்தில் எழுந்த இரக்கம் அன்று. அறிவு பேதலித்தவர்மீது, அறிவு தெளியும்வரை குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நம் பள்ளிவாசல்களில் சிறுவரும் கேட்டறிந்த மார்க்க விதி. அதே வேளையில், உயிரிழந்தவருடைய குடும்பத்துக்குச் சேரவேண்டிய ஈட்டை மார்க்க நீதிநூலார் கைவிட்டுவிடவும் இல்லை. நோயாளிக்கும் நீதி, துன்புற்றோருக்கும் நீதி என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதுதான் இத்துறையின் நோக்கமும் ஆகும்.

ஆங்கிலச் சட்டத்தில் இக்கருத்துத் தெளிவான வடிவம் பெற்றதற்கு ஒரு வழக்குக் காரணமாயிற்று. 1843 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் நகரில் டானியல் மக்நாட்டன் என்பவர், பிரதமர் சேர் றொபேட் பீலின் செயலாளரான எட்வேட் டிரமண்டைச் சுட்டார். டிரமண்ட் சில நாட்களில் உயிர் துறந்தார். ஆளுங்கட்சியினர் தம்மைப் பின்தொடர்ந்து வதைக்கின்றனர் என்னும் பொய்ந்நம்பிக்கை மக்நாட்டனைப் பற்றியிருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. சித்தசுவாதீனம் இன்மையால் அவர் குற்றவாளி அல்லர் என்று யூரர்கள் தீர்ப்பளித்தனர். நாட்டில் பெருங்கொதிப்பு எழுந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்க, அவர்கள் அளித்த விடைகள் மக்நாட்டன் விதிகள் எனப் பெயர்பெற்றன. மக்நாட்டன் விடுதலை பெற்று வீதியில் நடந்தார் என்று எவரும் எண்ணவேண்டா. அவர் பெத்லம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1864 இல் புதிதாக அமைந்த புரோட்மூர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, மறு ஆண்டு அங்கேயே இறந்தார்.

அந்த விதிகளின் சாரம் இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 77 ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. ஒரு செயலைப் புரியும் வேளையில், அச்செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ உணர முடியாதவாறு ஒருவருடைய சித்தம் குலைந்திருந்தால் அது குற்றமாகாது என்பது அதன் பொருள். இதனோடு வேறொரு கேள்வியையும் நீதிமன்றம் கேட்கும். இன்று, இக்கணத்தில், இவர் தம் வழக்கை விளங்கிக்கொண்டு எதிர்வாதம் செய்யத் தக்கவரா என்பதே அது. முன்னது செயல் நடந்த நாளைப் பற்றியது. பின்னது விசாரணை நடக்கும் நாளைப் பற்றியது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை மறந்துவிட்டால் இத்துறையில் எதுவும் விளங்காது.

விளக்கத்தின் பொருட்டு மருதமுனையில் கைத்தறி நெய்யும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சில மாதங்களாக அவருக்கு உறக்கம் இல்லை. தறியில் அமர்ந்தவர் இடையில் எழுந்துபோகின்றார். அண்டை வீட்டார் தமக்குச் சூனியம் செய்து கிணற்றில் நஞ்சு இட்டுவிட்டனர் என்கின்றார். வீட்டார் ஓதிப் பார்க்கின்றனர். தண்ணீர் ஓதிக் கொடுக்கின்றனர். ஒருநாள் அவர் அண்டை வீட்டுக்காரரைத் தடியால் தாக்கிப் பெருங்காயம் விளைத்துவிடுகின்றார். பொலிசார் வருகின்றனர். நீதவான் அவரை விளக்கமறியலில் வைத்து, உளமருத்துவரின் அறிக்கையைக் கோருகின்றார்.

அறிக்கையை எழுதி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் பொறுப்பு உளமருத்துவருக்கு உரியது. ஆனால் உளமருத்துவர் ஒரு நோயாளியுடன் நாள் முழுதும் இருக்க இயலாது. அவருக்கும் உளவியலாளருக்கும் கண்ணாகவும் காதாகவும் நிற்பவர்களுள் ஒருவரே உளவியல் உதவியாளர். உளவியலிற் பட்டம் பெற்ற இளைஞரே பெரும்பாலும் இப்பணிக்கு வருவர். தகுதிபெற்ற உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையிலேயே அவர் இயங்கவேண்டும். இங்கிலாந்தில் 'மருத்துவ உளவியலாளர்', 'நீதிசார் உளவியலாளர்' என்னும் பட்டங்களை 2009 ஆம் ஆண்டு முதல் பதிவு பெற்றவர்கள் மட்டுமே சூடிக்கொள்ளலாம். உதவியாளர் அவற்றைச் சூட இயலாது. நோய்ப்பெயர் சூட்டுவதும், மருந்து விதிப்பதும், ஒருவர் குற்றவாளியா என்று தீர்ப்பதும் அவர் வேலையல்ல.

அவ்வாறாயின் அவர் வேலை யாது? முதலாவது, வரலாறு தொகுத்தல். நம் நெசவாளியின் பிள்ளைப் பருவம், பள்ளிப் படிப்பு, தலையில் பட்ட காயங்கள், போதைப் பழக்கம், முன் நடந்த சண்டைகள், குடும்பத்திற் பிறருக்கு இருந்த நோய்கள் ஆகியவற்றை அவரிடமும், உற்றாரிடமும், பழைய ஏடுகளிலும் தேடித் திரட்டுவார். இரண்டாவது, உளவியற் சோதனைகளை நடத்தி மதிப்பெண் இடுதல். நினைவாற்றல், கவனம், அறிதிறன் ஆகியவற்றை அளக்கும் சோதனைகள் இவற்றுள் அடங்கும். மூன்றாவது, சினத்தை அடக்கப் பழகுதல், நோயின் அறிகுறிகளைத் தாமே இனங்காணுதல், போதையைத் துறத்தல் முதலியவற்றுக்காக நடக்கும் குழுப் பயிற்சிகளை முன்னின்று நடத்த உதவுதல். நான்காவது, தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் எழுதி வைத்தல்.

இந்நான்கனுள் எழுதி வைத்தலே எளியதாகத் தோன்றும். உண்மையில் அதுவே அரியது. பாடசாலைகளில் மாணவர் தேர்ச்சி அறிக்கைகளைப் பார்வையிடும் எம்மைப் போன்றோர் இதனை நன்கு அறிவோம். "நடத்தை திருப்தியில்லை" என்று எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் அச்சொற்களிலிருந்து பிள்ளை என்ன செய்தான் என்பதை எவரும் அறிய முடியாது. அவ்வாறே உதவியாளர், "இன்று முரட்டுத்தனமாக இருந்தார்" என்று எழுதிவிடலாம். அல்லது இப்படி எழுதலாம்: "காலை உணவுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். இவர் தட்டை மேசையில் ஓங்கி வைத்துவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். காரணம் கேட்டதற்கு, அவர் என் சாப்பாட்டை நோட்டம் பார்க்கிறார் என்றார். கால் மணி நேரத்தின் பின் தாமே திரும்பி வந்து உண்டார்."

இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை. முதலாவதைப் படிப்பவர் நோயாளியைக் கண்டு அஞ்சுவார். இரண்டாவதைப் படிப்பவருக்கோ இரு செய்திகள் கிடைக்கின்றன. உணவில் நஞ்சு உண்டு என்னும் ஐயம் இன்னும் நீங்கவில்லை என்பது ஒன்று. அந்த ஐயம் எழுந்தபோதும் அவர் எவரையும் தாக்காது விலகிச் சென்று, தம்மைத் தாமே ஆற்றிக்கொண்டார் என்பது மற்றொன்று. ஆறு மாதங்கள் கழித்து அவரைத் திறந்த விடுதிக்கு மாற்றலாமா என்னும் கேள்வி எழும்போது இரண்டாவது செய்தி பொன்னினும் அரிதாகும். நோயை நடிப்பவரைக் கண்டறிவதற்கும் இத்தகைய குறிப்பே உதவும். நீதவான் முன்னிலையில் ஒரு மணி நேரம் நடிக்கலாம். உண்ணும்போதும் உறங்கும்போதும் பிறருடன் விளையாடும்போதும் மாதக்கணக்கில் நடித்தல் கடினம்.

இனி, மொழியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இதுவே நம் பிரதேசத்தாருக்கு மிக நெருக்கமானது. உடம்பின் காய்ச்சலை அளக்கும் கருவிக்கு மொழி வேண்டியதில்லை. மனத்தை அளக்கும் கருவி யாவும் மொழியாலும் பழக்கத்தாலும் ஆனவை. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரிடம் வேற்றுமொழியில், அல்லது அவசர மொழிபெயர்ப்பின் துணையுடன், சோதனை நடத்தினால் அவருடைய அறிதிறன் குறைந்ததாகவே தோன்றும். அவரிடம் இல்லாதது மொழியேயன்றி அறிவன்று. நம்மவர் "நெஞ்சு பத்துது", "மனசு சரியில்லை" என்று சொல்லும்போது, அது உடல்நோயா, கவலையா, பெருந்துயரா என்பதை அம்மொழியிலே பிறந்து வளர்ந்தவரே விரைந்து உணர்வார்.

நம்பிக்கைகளின் நிலையும் இதுவே. நம் நெசவாளி, "என்னை ஜின் தொட்டிருக்கிறது" என்கின்றார். ஜின்னைப் பற்றிய நம்பிக்கை நம் சமூகத்திற் பொதுவானது. ஆகையால் அதனைச் சொன்னமை மட்டும் நோயின் அறிகுறி ஆகாது. ஒருவர் வாழும் சமூகத்தின் நம்பிக்கைக்கும் பழக்கத்துக்கும் அவர் கொண்ட எண்ணம் பொருந்துகின்றதா என்று பார்த்தே அதனைப் பொய்ந்நம்பிக்கை என்று தீர்மானிப்பர் அறிஞர். எனவே உதவியாளர் மேலும் கேட்பார். இவருடைய தாயும் மனைவியும் இதனை ஏற்கின்றார்களா? பள்ளிவாசல் இமாம் என்ன கருதுகின்றார்? உறக்கம் கெட்டது முன்னரா, இந்த எண்ணம் வந்தது முன்னரா? தாயே, "இது ஓதிப் பார்க்கிற விசயமில்லை, இவன் ஆளே மாறிப்போனான்" என்று சொல்வாராயின், அந்த ஒரு வாக்கியம் பல சோதனைத் தாள்களுக்கு ஈடாகும். அவ்வாக்கியத்தை அதன் பொருள் சிதையாமல் உளமருத்துவரிடம் சேர்ப்பதற்குத் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கற்ற ஒருவர் வேண்டும்.

அடுத்து வருவது இத்துறையின் மிகக் கடினமான வினா: இவர் வெளியே சென்றால் மீண்டும் ஒருவரைத் தாக்குவாரா? முன்னாளில் இதற்கு அச்சமும் ஊகமுமே விடை கூறின. அவ்விடை எவ்வளவு பிழைபட்டது என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு எடுத்துக் காட்டிற்று. ஜோனி பக்ஸ்ட்ரம் என்பவர் தம் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் நியூயோர்க் மாநிலத்தின் கடுங்காவல் மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தார். 1966 இல் உயர் நீதிமன்றம் அது முறையன்று என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அவரைப் போன்ற 967 பேர் சாதாரண உளநோய் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். யாவரும் பேராபத்தானவர் என்று கருதப்பட்டிருந்தனர். பின்னர் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, நான்கு ஆண்டுகளில் மீண்டும் கடுங்காவலுக்கு அனுப்ப நேர்ந்தவர்கள் நூற்றுக்கு மூவரினும் குறைவு என்று கண்டனர்.

இத்தகைய அனுபவங்களின் பின்னரே ஒழுங்கான இடர் மதிப்பீட்டு முறைகள் தோன்றின. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 1995 இல் கனடாவில் உருவாயிற்று. அதில் 20 கூறுகள் உள்ளன. பத்துக் கூறுகள் ஒருவருடைய கடந்தகாலத்தைப் பற்றியவை. அவை பெரிதும் மாறாதவை. ஐந்து, இன்றைய மனநிலையைப் பற்றியவை. எஞ்சிய ஐந்தும் வருங்காலத்தைப் பற்றியவை: எங்கே வசிப்பார், யார் துணையிருப்பார், மருத்துவத்தைத் தொடர்வாரா என்பன போன்றவை. இறந்தகாலத்தை எவராலும் மாற்ற இயலாது. ஆனால் பின்னைய பத்துக் கூறுகளையும் மருத்துவத்தாலும், உறவினராலும், ஊராராலும் மாற்ற இயலும். ஆகவே இம்மதிப்பீட்டின் பயன் எதிர்காலத்தைக் குறிசொல்வதன்று; எவ்விடத்தில் கைகொடுத்தால் தீங்கு தவிரும் என்று காட்டுவதேயாகும்.

ஒன்றை இங்கு வற்புறுத்த விரும்புகின்றேன். உளநோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் எத்தீங்கும் செய்வதில்லை. பிறரால் அடியும் இழிவும் வஞ்சனையும் அடைவோராகவே அவருட் பலர் இருக்கின்றனர். நாம் இன்று பேசுவது மிகச் சிறிய தொகையினரைப் பற்றியே.

அச்சிறு தொகையினருள் ஒருவர் எழுத்தில் மறைந்துபோனால் என்ன ஆகும்? இந்தியாவின் அசாம் மாநிலத்தில் மசல் லாலுங் என்னும் கிராமவாசி 1951 ஆம் ஆண்டு, ஒருவருக்குக் கடுங்காயம் விளைத்தார் என்னும் குற்றச்சாட்டில் கைதானார். அவர் தேஜ்பூர் உளநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967 இல் அவர் நலமடைந்துவிட்டார் என்று மருத்துவமனை அறிவித்தது. ஆயினும் விசாரணை நடைபெறவில்லை, விடுதலையும் கிடைக்கவில்லை, அவர் சிறைக்கு மாற்றப்பட்டார். இந்திய மனித உரிமை ஆணைக்குழுவின் கவனத்துக்கு வந்தபின், 2005 ஆம் ஆண்டு, ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு நாள் விசாரணையுமின்றிக் கழிந்தன. 2007 இல் அவர் காலமானார். அவரைக் கொடியவர் எவரும் வேண்டுமென்றே புதைத்துவிடவில்லை. மருத்துவமனை, சிறை, நீதிமன்றம் என்னும் மூன்றுக்கும் இடையில் "இவர் இங்கே இருக்கின்றார், இவர் நிலை இது" என்று விடாது நினைவூட்டும் ஒருவர் இல்லாமற் போயினார், அவ்வளவே.

நம் நாட்டுச் சட்டத்திலும் இத்தகைய ஆபத்துக்கு இடமுண்டு. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சித்தசுவாதீனம் இன்மையால் ஒருவர் விடுவிக்கப்பட்டாலும், செயலை அவர் புரிந்தமை நிறுவப்பட்டிருப்பின், நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கக் கட்டளையிட்டு, அமைச்சரின் ஆணைக்காக அறிக்கை அனுப்பும். சிறைத்தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. இக்காவலுக்கு அத்தகைய நாள் குறிக்கப்படுவதில்லை. காலந்தோறும் எழுதப்படும் நேர்மையான குறிப்பே அதன் கதவைத் திறக்கும் சாவி. உதவியாளர் சோம்பினால் ஒருவருடைய ஆயுளில் ஓர் ஆண்டு வீணாகலாம். அவர் இரக்கத்தால் மிகைப்படுத்தி எழுதினாலோ, வெளியே இன்னொருவர் காயமுறலாம்.

ஆதலால் இப்பணிக்கு வருவோருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளியுடன் அமரும்போது வாயிலுக்கு அருகே அமர்தல், எச்சரிக்கை மணி இருக்குமிடம் அறிந்திருத்தல், கத்தரிக்கோல் முதலிய கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குதல் ஆகியன நாளாந்த ஒழுங்குகள். "நீங்கள் சொல்வதை என் மேலாளருக்கும், தேவையாயின் நீதிமன்றத்துக்கும் அறிவிக்க நேரிடும்" என்பதைத் தொடக்கத்திலேயே நோயாளியிடம் சொல்லிவிடவேண்டும். நட்புக் காட்டி இரகசியம் பறிப்பது அறமாகாது. கொடுஞ்செயல்களின் விவரங்களை நாள்தோறும் படிப்பவருடைய மனமும் தளரக்கூடும். மரத்துப் போகவுங் கூடும். அதனாலேயே அவர் தம் மேற்பார்வையாளரிடம் குறித்த காலங்களில் மனந்திறந்து பேச வேண்டும் என்பது விதியாயிற்று.

இனி, நம் நெசவாளி பல ஆண்டுகளின் பின் தெளிவுற்று ஊர் திரும்புகின்றார் எனக் கொள்வோம். அதே ஒழுங்கையில், அவரால் காயமுற்ற அண்டை வீட்டுக்காரர் இன்னும் நொண்டிக்கொண்டு நடக்கின்றார். அவருடைய பிள்ளைகளின் அச்சம் நியாயமானது. அவர்களை மறந்துவிட்டு நோயாளியை மட்டும் கட்டியணைப்பது நீதியாகாது. திரும்பி வருவதை அவர்களுக்கு முன்கூட்டி அறிவித்தல், அவர்கள் சொல்வதைக் கேட்டல், தேவையாயின் சிறிது காலம் வேறோர் ஊரில் அவரைத் தங்கவைத்தல் ஆகிய யாவும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியவை. இங்கேதான் பள்ளிவாசல் நிருவாகத்தினரும், கிராம உத்தியோகத்தரும், மாதர் சங்கத்தினரும் செய்யக்கூடியது நிறைய உண்டு. அவருக்கு மீண்டும் ஒரு தறி கிடைக்கின்றதா, மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்கின்றாரா, மீண்டும் உறக்கம் கெடுகின்றதா என்று பார்ப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

நம் கரையோரம் துயரம் அறியாத கரையன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 10,000 க்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டது. இலங்கையில் மிகுதியான உயிர்ச்சேதம் இங்கேதான். 2009 வரை நீடித்த போரும் நம்மைச் சுட்டது. அதன் பின்னரே மனநோய் என்பது எவர் வீட்டு வாயிலையும் தட்டக்கூடியது என்பதைப் பலர் உணர்ந்தனர். 2005 இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கையும், மருத்துவத்தை அங்கொடையில் மட்டும் குவித்து வைக்காது மாவட்டங்களுக்குக் கொண்டுவருமாறு வலியுறுத்திற்று. அதனால் மட்டக்களப்பு உட்பட நமக்கு அண்மையிலேயே உதவி கிடைக்கின்றது. தாக்குதல் நிகழ்ந்தபின் பொலிசாரை அழைப்பதிலும், உறக்கம் கெட்ட முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது எவ்வளவோ மேல். ஓதிப் பார்ப்பவர் பார்க்கட்டும். மருந்தும் உடன் நடக்கட்டும்.

பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே கல்வியின் பயன் என்று எண்ணவேண்டா. கலைத்துறையில் உளவியல் பயின்று, சிங்களத்தையும் செம்மையாகக் கற்று, பொறுமையும் நேர்மையும் உடையவராய் இத்துறைக்கு வருவீர்களாயின், தம் மொழியில் ஒரு சொல் கேட்பதற்கு ஏங்கும் பலருக்கு நீங்கள் செவியாவீர்கள். தம் மகனையோ சகோதரனையோ அத்தகைய இடத்தில் விட்டுவிட்டு வந்த குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். வெட்கத்தால் போகாதிருந்துவிடாதீர்கள். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு முழுதும் பேருந்துப் பயணம்தான், செலவும் உண்டு. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று, அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பார் உள்ள மனிதனின் கோப்பு மேசையின் மேலே இருக்கும்.